காரைக்காலிலிருந்து பனி நிலவரம்

போனில் பனி நிலவரம் கேட்கிறவர்கள் எல்லோரும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிப் பிழைக்கும் என் சக ஜீவன்களே, இது உங்களுக்கும் தெரிந்ததுதான். நாம் "ஆமாம், வாங்க" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலையில், ஒரு பனிச்சறுக்குத் தலம். அங்கே தகவல் மேசையில் இருந்த பெண் டிசம்பர் தொடக்கத்தில் அதே மலையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். அங்கே வரவேற்பில் வேலை பார்க்கும் என் நாத்தனார், "எங்கண்ணி நல்லா பிரெஞ்சு பேசும்" என்று என் பெயரைச் சொல்லிவிட்டாள். கான்வென்டில் பிரம்போடு கற்றுக்கொடுத்த பிரெஞ்சு அது. இருபத்தேழு வருடமாக மாமனாரின் பிரெஞ்சுப் பென்ஷன் கடிதங்களைப் படித்துச் சொல்ல மட்டும் பயன்பட்டது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் வேலை. சாப்பாட்டு மேசையில் கணினி, காதில் ஹெட்போன், மத்தியானம் பன்னிரண்டரை முதல் நாலரை வரை. அவர்களுக்கு அப்போது காலை எட்டு மணி.

நான் பனிமலையைப் பார்த்ததே இல்லை. மார்கழிக் குளிருக்கே மஃப்ளர் கட்டுகிற ஊர் எங்களுடையது. மேலாளர் முசியே ழெரார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் அவர் அனுப்பும் தாளைப் பார்த்துச் சொன்னால் போதும். எந்த ஊரிலிருந்து பேசுகிறேன் என்று நானாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம். தகவல் மேசையின்மேல் மூன்று புகார் வந்தால் நன்றி சொல்லிப் பிரிந்துவிடுவோம் என்றார். வீட்டிலிருந்து பார்க்கிற வேலை, இதிலிருந்தும் வெளியே அனுப்பிவிட்டால் நான் எங்கே போவது? அதுவும் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மூணே மூணா? பொங்கலுக்குள்ள முடிஞ்சிடும்."

துக்கம் விசாரித்தது

இரண்டாம் நாள் தாளில், இரவு நாற்பது சென்டிமீட்டர் பனி பெய்திருப்பதாக இருந்தது. நாற்பது சென்டிமீட்டர் என்றால் முழங்கால் வரை. எங்கள் ஊரில் அதில் பாதி மழை பெய்தாலே பள்ளிக்கூடத்துக்கு லீவு, படகு கடலுக்குப் போகாது, வயலுக்கு வடிகால் வெட்ட ஆள் ஓடும்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "மன்னிக்கணும் முசியே, ராத்திரி நாற்பது சென்டிமீட்டர் பெய்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் இன்றைக்கு வீட்டிலேயே இருப்பது நல்லது" என்று பதினோரு பேருக்கு ஆறுதல் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் என்னை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்த வருடத்தின் மிக நல்ல பனி அன்றைக்குத்தான் என்று சாயங்காலம் செய்தியில் பார்த்திருக்கிறார். முதல் புகார் அவருடையது. அதை ழெரார் எனக்கு வாசித்துக் காட்டினார்: "உங்கள் மேசையில் இருக்கும் பெண்மணி, பனி பெய்ததற்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தார்."

ஜன்னலுக்கு வெளியே

தாளில் இருப்பது போதாது என்று நினைக்கிற ரகம் ஒன்று உண்டு. "மதாம், கொஞ்சம் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லுங்களேன், மேகம் இருக்கிறதா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டினச்சேரி செல்வி மீன் பெட்டியோடு கேட்டருகே நின்றாள். எங்கள் தெரு அவளுக்குக் கடைசித் தெரு. வெயில் மண்டையைப் பிளந்தது. மலையில் இருக்கும் கேமராவைக் கணினியில் திறந்து, "உச்சியில் மேகம், கீழே தெளிவு" என்றேன். அது பொய் இல்லை. கணினியிலும் ஜன்னல் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த அம்மாள் விடவில்லை. பனி பொடியாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, அழுத்தினால் உருண்டை பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். தாளில் அதெல்லாம் இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து, செல்வி ஜன்னலுக்கே வந்துவிட்டாள். அவள் பெட்டியிலிருந்த ஐஸைக் காட்டி, இதை அழுத்தினால் உருண்டை பிடிக்குமா என்று சைகையில் கேட்டேன். அவள் சொன்னாள்: "காலையில வாங்குனப்ப பொடியா இருந்துச்சிக்கா, இப்ப புடிக்கும், நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள தண்ணியாயிடும், சங்கரா வேணுமா வேணாமா?"

கறுப்புத் தடம்

மலையில் சறுக்கும் தடங்களுக்கு நிறம் உண்டு. பச்சை குழந்தைகளுக்கு, கறுப்பு உயிரை வெறுத்தவர்களுக்கு. ஒருவர் தன் ஆறு வயது மகளைக் கறுப்புத் தடத்தில் கூட்டிப்போகலாமா என்று கேட்டார். அன்றைக்குக் காற்று, மேலே இறுகிய பனி, பனிச்சரிவு அபாயம் ஐந்துக்கு நாலு. எல்லாவற்றையும் படித்தேன். "அது எனக்கும் தெரியும் மதாம், தடம் திறந்திருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

என் பொறுமையின் அளவு என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கன்னியாஸ்திரிகள் சொல்லித்தந்த அத்தனை மரியாதைச் சொற்களையும் போட்டு, "தயவுசெய்து போனை உங்கள் மனைவியிடம் கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். அதிர்ச்சியில் கொடுத்துவிட்டார். இரண்டாவது புகார் அன்றைக்கே வந்தது. ஆனால் போனை வாங்கிய அந்தப் பெண் சொன்னதை நான் மறக்கவில்லை: "நன்றி மதாம், ரெண்டு நாளா நான் சொல்றதைத்தான் நீங்களும் சொல்றீங்க, இனிமே உங்க பேரைச் சொல்லிக்கிறேன்."

கஞ்சி

ஜனவரி நடுவில் மலையில் மழை பெய்தது. பனிமேல் மழை. அன்றைய தாளில் "வசந்தகாலப் பனி" என்று அழகாக எழுதியிருந்தது. ஜனவரியில் ஏது வசந்தம்? செல்வியிடம் கேட்டேன். "ஐஸ் மேல மழ பேஞ்சா அதுக்கு எதுக்குக்கா பேரு, கஞ்சிதான்" என்றாள். இருபது வருடம் பெட்டியில் ஐஸோடு புழங்குகிறவள், ழெராரைவிட அவளை நம்பினேன்.

அன்றைக்குக் கேட்ட எல்லோருக்கும், "கீழ்ப் பாதி கஞ்சி. உச்சியில் மட்டும் பரவாயில்லை. ஒன்பது மணிக்கு வந்து பதினோரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள்" என்றேன். பாதிப் பேர் வரவில்லை. ரோப் கார்கள் காலியாக ஆடிக்கொண்டிருந்ததைக் கேமராவில் பார்த்தேன். இரண்டு புகார் ஏற்கெனவே கையில் இருக்கிறது, இது மூன்றாவது என்று உட்கார்ந்திருந்தேன். புகார் வரவில்லை, ழெரார்தான் கூப்பிட்டார். பொய் சொல்ல வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அவர் சொன்னார்: "பொய் வேண்டாம் என்றேன், மதாம். யாரும் உங்களிடம் இவ்வளவு உண்மை கேட்கவில்லை."

ஒரே ஒரு நாள் லீவு

ஜனவரி கடைசியில் வரிச்சிக்குடியில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். லீவு கேட்டேன். ழெரார் தாராளமாகக் கொடுத்தார், கஞ்சி இன்னும் கஞ்சியாகவே இருந்தது, போனை அவரே எடுப்பதாகச் சொன்னார். அதில் ஒரு சந்தோஷம் அவர் குரலில் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் கணினியைத் திறந்தால், தகவல் மேசையின்மேல் மூன்றாவது புகார். என் வீட்டுக்காரர் தட்டோடு வந்து பின்னால் நின்றார். "வந்திடுச்சா?" என்றார். பொங்கல் தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது, அதையும் சொல்லிக்காட்டினேன். ஒரு மனிதர் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, இரண்டு பிள்ளைகளை இடுப்பு வரை சேறாகத் திருப்பிக் கூட்டிப்போயிருக்கிறார். போனில் பேசிய ஆண், எல்லாம் அற்புதம் என்றாராம். கடைசியில் எழுதியிருந்தார்: "வழக்கமாகத் திட்டும் அந்த மதாம் எங்கே?"

ழெரார் கூப்பிட்டபோது நான் ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தேன். திரும்ப மாட்டிக்கொண்டேன். மூன்று புகார் என்பது மூன்று புகார்தான் என்று நானே ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார். "மேசை உங்களுடையது மதாம், குரல் என்னுடையது. இந்தப் புகாரை நான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஏப்ரல் வரை லீவு மட்டும் எடுக்க வேண்டாம்."

வீட்டுக்காரருக்குத் தமிழில் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்து, "அப்ப ஏப்ரல் வரைக்கும் நானே போட்டுக்கணுமா?" என்றார்.

இப்படியாக, ஐம்பத்திரண்டு வருடமாக வீட்டில் யாரும் காசு கொடுத்துக் கேட்காத என் வாயை, நான் பார்த்தே இராத ஒரு மலையின் ஆட்கள் சீசன் முடியும் வரை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.