அக்கா செய்த ஆம்ப்ளிஃபையர்

காரைக்குடி வீட்டில் என் மகள் அறுந்துபோன ஹெட்ஃபோன் ஒயரை சால்டர் செய்துகொண்டிருந்தாள். ஈயம் உருகிய புகை மூக்கில் ஏறியது. நினைவில், பல வருஷத்துக்கு முன் கல்லலில் அப்பா படுத்திருந்த அறைக்குப் போய்விட்டேன்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பின் அப்பாவின் பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது. எழுதவும் தெரியாதவர். கஞ்சியைத் தள்ளிவிட்டு, விரலை மேலே மேலே காட்டினார். "போகப்போறேங்கிறாகளே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பாலிடெக்னிக்கில் படித்த அக்கா, அப்பா சொல்வதைப் பெரிதாக்கிக் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்ய உட்கார்ந்தாள். பழைய ரேடியோவின் ஸ்பீக்கர், ஒரு மைக், பேட்டரி, இரண்டு டிரான்சிஸ்டர். கம்பிக் கால்களை இடம் மாற்றிப் பற்றவைத்ததில் முதல் டிரான்சிஸ்டர் கருகிப்போனது. மிச்சம் ஒன்றுதான்.

"யாரும் பேசாதீக," என்றாள். மிச்சமிருந்ததை ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பற்றவைத்தாள். எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது.

பேட்டரியை மாட்டியதும் ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு, மைக்கை அப்பாவின் உதட்டருகே பிடித்தாள். கரகரப்புக்கு நடுவே சொற்கள் வந்தன.

"ஃபேனை நிறுத்துங்கடி. குளிருது."

அம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகை பாதியில் சிரிப்பானது. "இதுக்கா எங்களை இந்தப் பாடு படுத்துனீக?"

"இன்னுங் கேளு. கஞ்சியில உப்பே இல்ல."

பிறகு அப்பா மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வரை எங்களை ஒவ்வொருவராகத் திட்டினார். அந்த வசவெல்லாம் இன்றும் எனக்கு மனப்பாடம்.