அம்மா ஓட்டிய வாத்து வண்டி

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கார் எடுத்தேன். புதுக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ ஓட்டிச் சலித்த கார்தான். ஆனால் எனக்கு அது புதுசுதானே! நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, "எடுங்க மேடம்" என்றார்கள். எனக்கு முன்னால் வண்டி எடுத்தவர்கள் நசுக்கிவிட்டுப் போன பழங்களின் வாசனை தரையெல்லாம் அடித்தது. அந்த வாசனைக்கு உங்களுக்கு ஊறுகாய் ஞாபகம் வரும், ரசம் ஞாபகம் வரும். எனக்கு ஒரு வாத்து ஞாபகத்துக்கு வந்தது.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

திண்டிவனத்தில் நாங்கள் இருந்த சந்து, ஒரு வண்டி நுழைந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய சந்து. அதன் கடைசி வீடு எங்களுடையது. வாசலில் அப்பாவின் குட்டியானை நிற்கும். நாலு சக்கரத்தில் ஓடுகிற அந்தச் சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றி வருவது அப்பாவின் பிழைப்பு. வெளியூர்க்காரர்களுக்கு அது வேர்க்கடலை. எங்களுக்கு மல்லாட்டை என்றால்தான் வாயில் எண்ணெய் ஊறும்.

நான் காலேஜ் சேர்ந்த வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. எதிரே வருவது பஸ்ஸா மாட்டுவண்டியா என்று தெரியவில்லை. டாக்டர் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். வண்டி வாசலிலேயே நின்றது. காலையில் எழுந்ததும் அப்பா அதைத் துடைப்பார். ஓடாத வண்டிக்கு என்ன தூசு?

அம்மா ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவானது. ஏரிக்கரை ஓரத்துக் காலி மைதானத்தில் முதல் பாடம். முதல் பாடத்திலேயே வண்டி நேராகப் போய் ஒரு வைக்கோல் போரில் முட்டிக்கொண்டது. பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அம்மா இறங்கி வந்து, "கன்னுக்குட்டி மேல ஏத்தியிருப்பேனே, பாவி. எனக்கு வாணாம் சாமி இந்த வேல" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதோடு சரி. வண்டியை விற்றுவிடலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. அப்பா துடைப்பதை மட்டும் விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வாத்து வருகிறது. ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் நான் அடிக்கடி போகும் பிரவுசிங் சென்டரை மூடினார்கள். படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் அங்கே என்ன படித்தேன் என்பது வேறு விஷயம். சென்டர் வைத்திருந்த அண்ணன், "இத நீயே எடுத்துக்கினு போ தங்கச்சி, உன்னத் தவிர ஆரு தொட்டாங்க?" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங்கையும், காலால் அழுத்தும் இரண்டு பெடலையும், ஒரு ரேஸ் கேம் சிடியையும் கொடுத்துவிட்டார். ஏதோ ஒரு கார்ட்டூன் படத்திலிருந்து எடுத்த கேம். காட்டுத் திருவிழாவில் மிருகங்கள் எல்லாம் தாங்களே செய்த வண்டிகளில் பந்தயம் விடும். குளிக்கும் தொட்டிக்குச் சக்கரம் மாட்டிய வண்டி வாத்துடையது. வெடி இல்லை, சண்டை இல்லை, சின்னக் குழந்தைகள் விளையாடுவது. கழுதை வயசில் எனக்கு அதன் மேல் உயிர்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் ஸ்டியரிங்கை மாட்டினேன். அம்மா வந்து பார்த்தாள். "இன்னாடி இது, வண்டிதான? பூஜை போடாமலா ஓட்டுவ?" என்று கேட்டுவிட்டு, மேல்மலையனூர்க் கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தை ஸ்டியரிங் நடுவில் வைத்தாள். டயர் எங்கே என்று தேடினாள். டயர் இல்லை. சரி, மிதிக்கிறது இதுதானே என்று பெடல் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டாள். நான் கேமில் வாத்து வண்டியைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஓங்கி ஒரு மிதி. சாறு எல்லாம் உள்ளே போய், ஆக்ஸிலேட்டர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாத்து பறக்க ஆரம்பித்தது. "ஐயோ நிக்க மாட்டேங்குதே, நிறுத்துடி!" என்று அம்மா அலற, கரடி, குரங்கு, முயல் அத்தனையையும் இடித்துத் தள்ளிவிட்டு வாத்து பாலத்தைத் தாண்டிக் குளத்தில் விழுந்தது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த கேமில் குளத்தில் விழுந்தால் வானத்திலிருந்து ஒரு நாரை வரும். வாத்தை வண்டியோடு அலகில் கவ்வித் தூக்கி, உதறி, மறுபடியும் ரோட்டில் வைத்துவிட்டுப் போகும். அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து அதைப் பார்த்தாள். "ஏங்க, இங்க வாங்களேன்! உழுந்தா தூக்கி வுடுதுங்க!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவ்வளவு சிரிப்பை அவள் முகத்தில் அப்புறம் என் கல்யாணத்தில்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து சமையல் முடிந்தால் கேம்தான். பெடலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், அந்தப் பிசுபிசுப்பு போகவேயில்லை. அதனாலேயே அம்மா பிரேக்கின் மேல் உஷாராகக் கால் வைக்கப் பழகினாள். அப்பா இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். திரை அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். சத்தத்தை வைத்தே, "வளைவு வருது பாரு, அடங்கு அடங்கு" என்பார். அம்மா ஜெயித்ததே இல்லை. எப்படி ஜெயிப்பாள்? பின்னால் யார் வந்தாலும் கையை நீட்டி, "போ நைனா, நீ முன்னால போ" என்று வழி விடுவாள். ரேஸில்! சுவரில் முட்டுவாள், ரிவர்ஸ் எடுப்பாள், மறுபடி முட்டுவாள். கரடிக்கு முன்னால் போகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எந்த இடுக்கில் மாட்டினாலும் பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க ஆள் வந்துவிட்டார். மயிலத்திலிருந்து வந்தவர், நல்ல மனுஷர். எங்கள் சந்தின் அகலத்தைப் பார்த்ததுமே, "இதுலேர்ந்து ஆருங்க எடுக்கறது? பேஜாராச்சே. ரோட்டுக்குக் கொண்டாந்தா ஓட்டிப் பாக்கலாம்" என்றார். அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்தார். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அந்தச் சாவியை வாங்கினாள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவள் சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பா தடவித் தடவி இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்குடி பயப்படற? நாரை இங்கதான குந்திக்கினு இருக்கு. எடு."

அம்மா எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்து, நிறுத்தி, திருப்பி, மறுபடி நிறுத்தி, ஊர்ந்து ஊர்ந்து சந்து முழுக்க ரிவர்ஸிலேயே வந்தாள். எதிர் வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே வந்தபோது கையை நீட்டி, "போ நைனா" என்றாள். சந்து முனையில் வண்டி நின்றது. மயிலத்துக்காரர் கை தட்டிவிட்டார். அம்மா இஞ்சினை அணைத்தாள், சாவியை உருவினாள், முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வண்டி குடுக்கறதில்லீங்க. காபி சாப்டுட்டுப் போங்க."

அப்பா இறங்கவே இல்லை. டாஷ்போர்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். எனக்கும் நின்ற இடத்தில் அழுகை வந்துவிட்டது. காபி போடச் சொல்லி அம்மா அதட்டியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் அம்மா முறையாக டிரைவிங் ஸ்கூல் போனாள், எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள், என் படிப்பு முடிகிற வரைக்கும் மல்லாட்டை ஏற்றினாள். எல்லா லோடுக்கும் அப்பா இடது பக்கத்தில் இருந்தார்.

இப்போது அந்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. சிடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதைப் போடுவதற்கு இன்றைய கம்ப்யூட்டர்களில் வாயே கிடையாது. குட்டியானையும் உழைத்து ஓய்ந்து போய்விட்டது. போன தையில் அப்பாவும் போய்விட்டார். அந்த வாத்து இன்னும் எங்கேயாவது குளத்தில் விழுந்துகொண்டிருக்கிறதா, தெரியவில்லை.

விழுப்புரத்தில் சாவி என் கையில் இருந்தது. லைசென்ஸும் இருந்தது. காலைத்தான் கிளட்சிலிருந்து எடுக்க முடியவில்லை. வெளியே பஸ்ஸும் லாரியுமாக ரோடு இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். இடது பக்கக் கதவு திறந்தது. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தாள்.

"நாரை இங்கதான்டி குந்திக்கினு இருக்கு. எடு."

நாலு பழமும் ஒன்றாக நசுங்கின.