போனது ஆற்றோடு, வந்தது ரோட்டோடு

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர். பல் செட் செய்கிற அக்கா என்பதை யாரோ சுருக்கி வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில், மெழுகுக்கும் பிளாஸ்டர் தூளுக்கும் நடுவே, அடுத்தவர் வாயின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்தே இருக்கிற வேலை. ஒரு சமயம் கழுத்து பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பவே முடியவில்லை. டாக்டர், "தோளுக்கு வேலை கொடுங்கம்மா" என்றார். அப்படி வந்ததுதான் கயாக். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டையான துடுப்பால் தள்ளிப் போகிற ஒல்லிப் படகு.

வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு இழுத்துக்கொண்டு போகும். எதிர்த்து வர விடாது. அதனால் போவது அவள் பாடு, கொண்டு வருவது அண்ணன் பாடு. அண்ணன் ரொட்டி வேன் ஓட்டினார். லீவு நாளில் காலித் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, பழைய பாலத்தடியில் வந்து காத்திருப்பார். தண்ணீர் என்றாலே அவருக்குப் பயம். ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவள் கரை ஏறினால், "வந்துட்டியா, தூக்கு" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்து அவர் போய்ச் சேர்ந்தார். வேன் கம்பெனிக்குத் திரும்பியது. கீழ்வீட்டில் அண்ணி, மாடியில் இவள். அண்ணி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், போனவர்களை வாசல்வரை வந்து அனுப்பினாள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கும் பேச்சுத் துணை அவர் ஒருவர்தான். அவர் போனதோடு வீட்டில் பேச்சும் போயிற்று.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலையில், படகை வைத்து இழுக்கிற சின்ன இரட்டைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைப் படகிலேயே கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

"ஆத்துக்குப் போயிட்டு வந்துடறேன் அண்ணி."

"கொண்டு வர யாரு இருக்கா?"

"நான் பாத்துக்கறேன்."

அண்ணி உள்ளே திரும்பிப் போனாள்.

தண்ணீர் அவளைப் பழையபடியே கொண்டுபோனது. பாலத்தடியில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும், வளைவு திரும்பியதும் கண் தானாகக் கரைக்குப் போனது. வெறும் கல்லும் புல்லும். படகிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தனியாக இழுத்து, மூச்சு வாங்க மேட்டில் ஏற்றினாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் படகைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். "இதை ஏத்தினா ஆளுங்களை எங்கக்கா உக்கார வைக்கிறது?" கேட்டதில் நியாயம் இருந்தது. சரக்கு லாரிகள் நிற்கவில்லை. சரி, நடந்தே போய்விடலாம் என்று தள்ளுவண்டியில் வைத்து ரோட்டோரமாக இழுத்தாள். ஜல்லி கொட்டியிருந்த இடத்தில் ஒரு சக்கரம் கழன்று கோணிக்கொண்டது. அவள் மைல் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கடந்து போன நீளமான வெள்ளை வண்டி ஒன்று நின்று, பின்னால் வந்தது. பார்த்தால் சவ வண்டி.

"எங்கம்மா போகணும்?" என்றார் டிரைவர். அவள் சொன்னாள். "அந்தப் பக்கம்தான் திரும்பறேன். காலி வண்டிதான். நீளமான சாமானுக்கு இதைவிடத் தோதான வண்டி கிடைக்காது." சொன்னவர் சிரிக்கவில்லை.

அவள் தயங்கினாள். அண்ணன் போனதும் இப்படி ஒரு வண்டியில்தான். சொந்தக்காரர் காரில் பின்னாலேயே போனவள், வழி நெடுக அதன் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அதே மாதிரி ஒரு கதவைத் தன் கையால் திறந்தாள். படகு உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. டிரைவர் பட்டையை இறுக்கிக் கட்டி, ஆடுகிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

வண்டி ஊர்ந்தது. "காலியாத்தானே போறோம், கொஞ்சம் வேகமா போலாமே?"

"கால் பழகிப்போச்சும்மா. கடைக்குக் கூட்டிட்டுப் போனாக்கூட என் வீட்டுக்காரி திட்டுவா."

எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்று தலை குனிந்தார். படகுக்குத்தான் அந்த மரியாதை. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியவளுக்கு அது அழுகையாகத்தான் வெளியே வந்தது. அழுகைக்கு நடுவே அண்ணனைப் பற்றிச் சொன்னாள்.

"ரொட்டி வேனா?" என்றார் டிரைவர். "விடியறதுக்கு முன்னாடியே எழுந்திருக்கணுமே. கஷ்டமான ஓட்டம்."

அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வண்டி வீட்டுக்கு முன் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் அண்ணி வெறுங்காலோடு வெளியே வந்துவிட்டாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு பின்கதவையே பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

பல்லக்கா முன்சீட்டிலிருந்து குதித்து ஓடினாள். "அண்ணி, நான்தான். எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள படகுதான்."

அண்ணி அவள் தோளைத் தொட்டாள், ஈரத் தலையைத் தொட்டாள். பிறகு படியில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். அத்தனை மாதமும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். டிரைவர் திரும்பி நின்று, கட்டியிருந்த பட்டையை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள நீ இருக்கேன்னு நினைச்சிட்டேன்டி," என்றாள் அண்ணி, குரல் திரும்பியதும். "கொண்டு வர யாருன்னு கேட்டேனே. நேரா ஒரு பதில் சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"தப்புதான் அண்ணி."

மூவருமாகப் படகை இறக்கினார்கள். டிரைவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு இருவரும் கீழே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் அண்ணி கேட்டாள்: "அப்படி என்னதான் இருக்கு அந்த ஆத்துல? அவர் ஒரு நாளும் சொன்னதில்ல."

பல்லக்கா தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, கரை மரங்களிலிருந்து ஆரம்பித்தாள்.