ஒரு கரண்டி அக்காரவடிசல்

கோதைநாயகி பிடிவாதக்காரி. திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்த அனந்தபத்மநாபனுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்தப் பிடிவாதம்தான் குடும்பத்தை நடத்தியது. அதை அவள் மாமியாரே ஒப்புக்கொண்டதுண்டு, முணுமுணுத்துக்கொண்டுதான்.

1971இல் அனந்தபத்மநாபனுக்குச் சர்க்கரை வியாதி என்று உள்ளூர் டாக்டர் சொன்னார். சோற்றைக் குறைக்க வேண்டும், தித்திப்பு கூடவே கூடாது. பத்தியம் இருந்தும் ஆள் இளைத்துக்கொண்டே போனார். ஐப்பசியில் முதுகுவலியும் மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொள்ள, தம்பி ராமபத்ரன் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள், காமாலை வடிய மட்டும் வழி செய்து தைத்துவிட்டார்கள். கணையத்தில் புற்று. சர்க்கரை வந்ததே அதனால்தான் என்றார் பெரிய டாக்டர். இனி பத்தியம் வேண்டாம், ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும், சாப்பாட்டுக்குத் தக்கபடி கொஞ்சம் இன்சுலின் போட்டால் போதும் என்றும் சொன்னார். சொன்னதெல்லாம் ராமபத்ரனிடம்.

நம் வீடுகளில் கெட்ட சேதியை நோயாளியிடம் மறைப்பார்கள். சரி, தொலையட்டும். சமைத்துப் போடுகிறவளிடமும் மறைப்பானேன்? அந்த ராமபத்ரன்மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. அண்ணன் மனைவி, அவனுடைய மன்னி கோதையிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஆபரேஷன் நன்னா முடிஞ்சுது. இனிமே சர்க்கரையைக் கட்டுப்படுத்தினாப் போறும்."

கோதைக்கு அது போதாதா? தினமும் கொல்லைப்புறத்தில் சோதனைக்குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவாள். செங்கல் நிறமானால் சர்க்கரை அதிகம். நீலமாகவே நின்றால் இல்லை. மார்கழியில் நீலம் மாறவேயில்லை. மாறுவதற்கு அவர் வயிற்றில் என்ன இருந்தது, இரண்டு வாய் கோதுமைக் கஞ்சியைத் தவிர? அவளோ ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியும் வந்தாள்.

ஒருநாள் இன்சுலின் ஊசி போட்ட பிறகு கஞ்சியை வாந்தியெடுத்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்த்து நினைவு தடுமாறியது. உள்ளூர் டாக்டரின் கம்பவுண்டர் அருணாச்சலம் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டித் தெளியவைத்தார்.

"இன்னாம்மா இது, சாப்பிடாத ஆளுக்கு இந்த ஊசி தாங்குமா? டாக்டராண்ட சொல்லிக் கொறைச்சுடலாம். நீங்க நல்லா சாப்பாடு குடுங்க" என்றார்.

ஊசி குறைந்தது. பத்தியம் குறையவில்லை.

மார்கழி இருபத்தேழாம் நாள், கூடாரை அன்று கோயிலிலிருந்து அக்காரவடிசல் வந்தது. பாலில் குழைந்து நெய் வழியும் அதை வருஷக்கணக்காக அவர் கையால் செய்துதான் பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணினார்கள். படுத்தபடியே கை நீட்டினார்.

"கோதை, ஒரே ஒரு கரண்டி. பிரசாதம்டீ."

"கண்ணுல ஒத்திக்கோங்கோ, போறும். உடம்பு தேறட்டும், அடுத்த கூடாரைக்கு நானே பண்ணிப் போடறேன்."

ஒத்திக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிரசாதத்தை மறுக்கக்கூடாது என்று தெரியாதவளா அவள்? அவர் பிழைத்தால் போதும், பாவம் தன்னோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

தை பாதியில் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகும் கோதை ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: "நீலமாத்தானே இருந்தது? நான் எதுல தப்பு பண்ணினேன்?" கேட்கத் தாங்காமல் ராமபத்ரன் எல்லாவற்றையும் சொன்னான்.

"சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவேள்னுதான் மன்னி…"

கோதை அவன் பேச்சை வெட்டினாள்.

"அழுதிருப்பேன், அவ்வளவுதானே? அழுதுண்டே ஊட்டியிருப்பேனேடா."