பொலிஸ் வளவில் நின்ற றீற்றாவின் சைக்கிள்

பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்கிறவனுக்குக் கதிரை கிடையாது. முறைப்பாடு சொல்லுகிறவருக்கு ஒன்று, அதை எழுதுகிறவருக்கு ஒன்று, நடுவில் நிற்கிறவன் நான். உங்களில் பலர் அந்த வாசல் வாங்கில் குந்திப் பசியோடு காத்திருந்து, உள்ளே கூப்பிட்டதும் சொல்ல வந்ததில் பாதியை மறந்தவர்களாக இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

இளவயதில் குருநாகலில் ஒரு பேக்கரியில் வேலை செய்தேன். பாண் சுற்றுவதற்கு வந்த பழைய சிங்களப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தச் சிங்களம்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் இருப்பேன். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் லீவில் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். உள்ளே போகும்போதெல்லாம் என் கண் முதலில் வளவு மூலைக்குத்தான் போகும். அங்கே, பிடிபட்ட உழவு இயந்திரங்களுக்கும் மணல் டிப்பருக்கும் நடுவில், என் மனைவி றீற்றாவின் சைக்கிள் நின்றது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதைத் தவிர, அவள் போனபிறகு எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

குறி இல்லாத மாடு

துணுக்காயில் களவுபோன மாடுகள் எங்கள் பக்கத்தில் ஒரு லொறியோடு பிடிபட்டன. சொந்தக்காரர் வந்து அடையாளம் காட்டவேண்டும். எல்லோரும் சுட்ட குறியைக் காட்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாவின் மாட்டில் மட்டும் குறி இல்லை. சுட்டால் நோகும் என்று விட்டுவிட்டாவாம். அடையாளம் சொல்லச் சொன்னால், மாட்டின் குணத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டா. மழைக்குப் பயமாம். தவிட்டில் உப்புக் குறைந்தால் வாளியைத் தட்டிவிடுமாம். தெரியாத ஆட்களைப் பார்த்தால் பால் விடாதாம்.

நான் ஒன்றையும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. கோபம் வந்தாலும் சட்டப் புத்தகத்தைத்தான் தூக்குவார். நீதிமன்றத்தில் குணத்தைக் காட்டமுடியாது, இது உங்கள் மாடு என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். அதை நான் தமிழில் சொன்னதும் அந்த அம்மா எழும்பிச் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சொன்னா: "நான் கூப்பிடுறன். என்ர மாடெண்டால் அது சொல்லும்."

கத்தாத சைக்கிள்

மாடு சொன்னது. வளவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது; சார்ஜன்ட் அதையும் எழுதிக்கொண்டார். சைக்கிள் கத்தாது, அதுதான் எங்கள் கஷ்டம்.

சண்டை முடிந்து மீளக்குடியமர்ந்த காலத்தில் றீற்றாவுக்குக் கிடைத்த லேடீஸ் சைக்கிள் அது. ஆள் கட்டை என்பதால் சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தாள். அவள் கடற்கரைக்காரி, உடைந்த கரியரை நீல வலைநூலால் தானே முடிச்சுப்போட்டுக் கட்டியிருந்தாள். ஒருநாள் பூசைக்குப் போனபோது கோயில் மதிலோடு சாத்திவைத்ததை யாரோ கொண்டுபோய்விட்டான். பிறகு ஒருவன் பல சைக்கிள்களோடு பிடிபட்டான். அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். உடனே சைக்கிளிலேயே ஓடிக்கொண்டு வரலாம் என்று நினைத்துக் காற்றடிக்கிற பம்மையும் எடுத்துக்கொண்டு வந்தாள். முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான், சைக்கிள் வழக்குச் சான்றுப்பொருள் ஆகிவிட்டது. வழக்கு முடியும்வரை அசைக்கமுடியாது. சும்மா பேசாமல் இருந்திருக்கலாம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

ஒரு வழக்குத் தவணைக்குக் கள்ளன் வரமாட்டான். மறு தவணைக்கு அவனுடைய வக்கீல் வரமாட்டார். றீற்றா எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவரும்போது வேலியால் எட்டிப் பார்த்து, ரயர் காற்றுப்போய்ப் படுத்துவிட்டது என்று வந்து சொல்லுவாள். அந்த மாரியில் அவள் வருத்தம் வந்து படுத்த படுக்கையானாள். வவுனியா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தபிறகு, அந்தப் பம்மை எடுத்துக்கொண்டு நான் சார்ஜன்டிடம் போனேன். சைக்கிளைத் தரவேண்டாம், காற்று மட்டும் அடிக்கவிடுங்கோ என்று கேட்டேன். அவர் பம்மை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "பிடிக்கிறதுதான் ஐயா எங்கட வேலை. வச்சிருக்கிறதும் குடுக்கிறதும் நீதவானுடையது. நீங்கள் பாக்கலாம், தொடேலாது."

பேசாமல் இருக்கும் உரிமை

என் ஒரே மகன் அன்ரன் அமெரிக்காவில் இருக்கிறான். விசாச் சிக்கலால் தாயின் செத்தவீட்டுக்கும் அவனால் வரமுடியவில்லை. அதற்குப் பதிலாகவோ என்னவோ, கிழமைக்கு ஒருமுறை நீண்டநேரம் தொலைபேசியில் கதைப்பான். எனக்குப் பொலிஸ் வேலை என்பதால் அந்த நாட்டுப் பொலிஸ் கதைகளைத்தான் சொல்லுவான். அங்கே ஒருவனைப் பிடித்துவைத்து விசாரிக்கமுன், நீ பேசாமல் இருக்கலாம், உனக்கு வக்கீல் கேட்கலாம் என்று பொலிஸ்காரரே சொல்லவேண்டுமாம். ஒரு காலத்தில் அடித்தும் வெருட்டியும் வாக்குமூலம் எடுத்தார்களாம். நீதிமன்றங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிவாளம் போட்டனவாம். இப்போதும் அந்தக் கடிவாளத்தை அறுக்கிற பொலிஸ்காரர் அங்கே இருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

எனக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்தநாள் வலை வெட்டிய தகராறில் சூசை என்கிற மீனவர் முறைப்பாடு செய்ய வந்தார். தன் வலையை வெட்டியவர் யார் என்று சொல்லவந்த மனிதர். என்னுடைய அமெரிக்கச் சட்டத்தை அவருக்கு வாங்கில் வைத்தே விளங்கப்படுத்தினேன். கடைசிவரை மரியாதையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பேசாமல் இருக்கிற உரிமை எங்களுக்குப் பிறந்த நாள் தொட்டு இருக்கு, ஐயா. கதைக்கிற உரிமைக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

இறங்கி நடந்தவன்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகியதோடு சேர்த்துப் பழகிய ஒன்று உண்டு. சோதனைச்சாவடி தூரத்தில் தெரியும்போதே சைக்கிளால் இறங்கவேண்டும். அடையாள அட்டையைக் கையில் எடுக்கவேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே அவர்களிடம் நடந்துபோகவேண்டும். ஏறியிருந்தபடி இருந்தால் திமிர், நின்றுவிட்டால் சந்தேகம். றீற்றாதான் அன்ரனைக் கரியரில் இருந்து இறக்கி இதைப் பழக்கினாள்.

அமெரிக்காவில் ஒருநாள் பட்டப்பகலில் அவனுடைய காருக்குப் பின்னால் பொலிஸ் வாகனம் விளக்கை மின்னியது. அன்ரன் ஓரங்கட்டினான். உடனே கதவைத் திறந்து இறங்கினான். சட்டைப்பைக்குள் கையை விட்டு லைசென்சைத் தேடியபடியே பொலிஸ்காரரிடம் நடந்தான். அந்த மனிதர் கையை இடுப்புத் துவக்கில் வைத்துக்கொண்டு கத்தினார். நல்லவேளை, இவன் கைகளை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்பதைத் தவிர வேறு குற்றம் இல்லை. பொலிஸ்காரருக்கும் வேர்த்திருந்ததாம். இனிமேல் யாராவது நிறுத்தினால் இறங்காதே, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் தெரிய வை என்று சொல்லி அனுப்பினாராம். இதைச் சிரித்துச் சிரித்துத்தான் எனக்குச் சொன்னான். பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னான்: "அப்பா, இறங்கி நட எண்டு சொல்லித்தான் அம்மா என்னை உயிரோட வச்சிருந்தவா. இங்க அது பிழையாம்."

வாக்குக் கேட்கும் பொலிஸ்

அமெரிக்காவில் ஷெரிப் என்று ஒரு பதவி. பழைய காலம் தொட்டு, பல இடங்களில் ஊர்ச்சனம் வாக்குப் போட்டுத்தான் அவரைத் தெரிவுசெய்கிறதாம். தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னேன். அப்போது சார்ஜன்டும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் மொழிபெயர்த்தேன். இங்கே ஊர்ச்சனம் என்றால் தமிழ் பேசுகிறவர்கள்தானே என்று யோசித்திருப்பார். தான் வாக்குக் கேட்டால் எத்தனைபேர் போடுவார்கள் என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார். கடைக்காரர் தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து திரும்பியவர், சிங்களம் என்னைவிடச் சரளம். தேத்தண்ணியை ஆற்றுவதை நிறுத்தாமல் அவர் சொன்னார்: "ஐயாட மனுசிட சைக்கிளைக் குடுங்க சேர். இந்தக் கடை வாக்கு முழுக்க உங்களுக்குத்தான்."

உரிமையாளர்

கடைசியில் கள்ளன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வழக்கு முடிந்தது. றீற்றா இறந்துவிட்டாள் என்பதைச் சார்ஜன்டே நீதிமன்றத்தில் சொல்லி, சைக்கிளை என்னிடம் கொடுக்கும்படி நீதவானுடைய கட்டளையை வாங்கிவந்தார். காலையில் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு, பம்மோடு போனேன். பழக்கதோஷம், வழக்கமாக மொழிபெயர்க்கிற இடத்திலேயே போய் நின்றேன்.

புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் ஒருவர் மேசையில் இருந்தார். பொருளை ஒப்படைக்கும்போது எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் சிங்களத்தில் கேட்டார். உரிமையாளர் வந்திருக்கிறாரா?

நான் வழக்கம்போலப் பக்கத்துக் கதிரைப் பக்கம் திரும்பினேன். "உரிமையாளர் வந்திருக்கிறாவோ எண்டு கேக்கிறார்" என்று தமிழில் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் கதிரையில் ஒருவரும் இல்லை என்று கண்டேன். பதிலைக் கொண்டுபோய் மற்றப் பக்கம் சொல்லவேண்டியவனும் நான்தான். கான்ஸ்டபிள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். எனக்கு இரண்டு மொழியும் வரவில்லை.

உள் அறையில் இருந்து சார்ஜன்ட் எழும்பி வந்தார். இத்தனை காலத்தில் அவர் தமிழில் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வெறும் கதிரையை இழுத்து என் பக்கம் வைத்தார். "அம்மா வரமாட்டா. ஐயா வந்தது. இருங்கோ."

இப்போது சைக்கிள் வீட்டில் நிற்கிறது. ஏறி ஓடினால் முழங்கால் இரண்டும் ஹாண்டிலில் இடிப்பதால் உருட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன், ஏனென்றால் சட்டம் சைக்கிளைத் திருப்பித் தந்ததே தவிர, அவள் இறக்கிவைத்த சீற்றை உயர்த்துவதற்கு எனக்கு இன்னும் ஒருவரும் கட்டளை தரவில்லை.