பதினேழு முறை நின்ற கம்ப்யூட்டர்

எண்பதுகளில் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். பொருள் பட்டியலை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, அது தானாக மறுபடி தொடங்கும். அடித்ததெல்லாம் போய்விடும். ஒவ்வொரு முறையும் நேரத்தை நோட்டில் குறித்தேன். அதில் ஓர் ஒழுங்கும் இல்லை. வயர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்தும் பயனில்லை.

“உங்க கம்ப்யூட்டருக்கும் டீ வேணும் போல லா,” என்று சிரித்துக்கொண்டே என் முன் டீக் கோப்பையை வைப்பார் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் ஸ்டெல்லா.

பதினேழாவது முறை திரை இருண்டபோது திரும்பிப் பார்த்தேன். அவர் விரல் கெட்டில் சுவிட்சில் இருந்தது. கெட்டிலும் கம்ப்யூட்டரும் ஒரே பிளக்கில் இருந்தன; கெட்டிலைப் போட்டதும் மின்சாரம் ஒரு நொடி குறைந்திருக்கிறது.

“இனிமே இங்க தண்ணி சுட வைக்காதீங்க,” என்றேன். கண்டுபிடித்த பெருமையில் குரல் உயர்ந்துவிட்டது.

“சரி சார், வைக்கல,” என்று கெட்டிலை எடுத்துப்போனார்.

அதன்பின் கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. டீயும் வரவில்லை, பேச்சும் குறைந்தது. ஆறு மாதத்தில் அவர் தஞ்சோங் பகாருக்கு வேலை மாறிப் போனார். ஸ்டெல்லா டீயே குடிப்பதில்லை என்பது அவருக்குக் கொடுத்த பிரிவு விருந்தில்தான் எனக்குத் தெரிந்தது. நான் களைத்துக் கண்ணைக் கசக்கும் நேரம் பார்த்து, பதினேழு முறையும் எனக்காகவே தண்ணீர் வைத்திருக்கிறார்.

இப்போதும் கண்ணைக் கசக்கினால் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன்.