வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டேன்

திண்டிவனத்தில் ஒரு மனநல கிளினிக்கில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, ஃபைல் எடுத்து வைப்பது எல்லாம் என் வேலை. கூடவே, யாரும் கொடுக்காத இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. அதுதான் கல்யாண விசாரணை.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். அந்த நாலில் எங்கள் கிளினிக் வாசலும் ஒன்று. "சிஸ்டர், இன்ன ஊரு, இன்னார் வூட்டுப் பையன், இங்க வர்றது உண்டா?" என்று மெல்லக் கேட்பார்கள். வராத ஆளாக இருந்தால் தாராளமாகச் சொல்லிவிடுவேன்: "சேச்சே, அவங்கல்லாம் இந்தப் பக்கமே வந்தது இல்லிங்க." நல்லது சொல்வதில் என்ன தப்பு? வருகிற ஆளாக இருந்தால் மட்டும் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, "சொல்லக் கூடாதுங்க, சட்டம்" என்பேன். ரகசியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கர்வம் வேறு.

ஒரு வியாழக்கிழமை ஒலக்கூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கல்யாணத்துக்குப் பெண் தேடும் ஒரு பையனின் தாய்மாமன். முந்தின மாதம் வேறொரு பெண்ணைப் பற்றிக் கேட்டு, "வந்ததே இல்லை" என்று என்னிடம் பதில் வாங்கிப் போனவர். அந்த இடம் ஜாதகத்தில் தட்டிப்போனதாம். இந்த முறை தேவியைப் பற்றிக் கேட்டார்.

தேவி என்பது நான் வைத்த பெயர். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெருமுக்கல் பக்கம் தையல் கடை வைத்திருந்தாள். காலேஜ் படிக்கும்போது மனம் கலங்கி எங்களிடம் வந்தவள். பிறகு தேறி, நாலு வருஷமாகத் தினம் ஒரே ஒரு மாத்திரையோடு நன்றாக இருந்தாள்.

"சொல்லக் கூடாதுங்க, சட்டம்," என்றேன்.

"போதும் சிஸ்டர். நீங்க சொல்லாததுலயே தெரிஞ்சிபோச்சி," என்று சிரித்துவிட்டு ஜல்தியாகக் கிளம்பிவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"போன மாசம் அவருக்கு என்ன சொன்னீங்க சிஸ்டர்?"

"அந்தப் பொண்ணு வந்ததே இல்லன்னு சொன்னேன் மேடம்."

"இன்னிக்கி?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒருத்தியை இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னொருத்தியைச் சொல்ல மாட்டேன் என்றால் அதற்குப் பெயர் ரகசியமா? இத்தனை வருஷம் எத்தனை பேரை இப்படிக் காட்டிக்கொடுத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இத தேவிகிட்ட மறைக்கக் கூடாது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"நானே சொல்றேன் மேடம்."

ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த பாவி ஆனேனே என்று அழுகையாக வந்தது.

மறுநாளே தேவியை வரச்சொல்லி, உள்ளறையில் உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"பொண்ணு பாக்க வர்றப்போ மாப்ளய தனியா கூப்ட்டு நானே சொல்லலாம்னு இருந்தேன் சிஸ்டர். என் கதைய நீங்க முந்திக்கினு சொல்லிட்டீங்க."

"தப்புதான் தேவி. மன்னிச்சிடும்மா."

ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"சரி, அந்த மாப்ள இங்க வர்றாரா?"

அவர் பெயர் எங்கள் ரிஜிஸ்டரில் கிடையவே கிடையாது. 'இல்லை' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"யாரா இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

"இப்பதான் நர்சு மாதிரி பேசறீங்க," என்று சிரித்தாள். "அவரையே கேட்டுக்கறேன்." புரோக்கர் கொடுத்த பயோடேட்டாவில் அவர் நம்பர் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. அடுத்த வியாழக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்தார்கள். "இவரு என்னப் பத்தி எது கேட்டாலும் சொல்லுங்க மேடம்," என்று டாக்டரம்மாவிடம் அவளே சொன்னாள். மனிதர் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். மாத்திரை போட்டுக்கொண்டு கேப்பைக் களி சாப்பிடலாமா என்பது வரைக்கும் கேட்டார். மாமன் மட்டும் இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே முன்னால் நின்று மண்டபம் பிடித்தார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வருகிறவரோ, வராதவரோ, யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். வராதவருக்கு நீங்கள் சொல்லும் 'இல்லை'தான் வருகிறவரைக் காட்டிக்கொடுக்கும்.

தேவி பத்திரிகை கொண்டுவந்து வைத்தபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. "நான் வந்தா யாருன்னு கேப்பாங்களேம்மா?"

"என் நர்சுன்னு சொல்லுங்க. சொல்லச் சொல்றது நான்தானே."

போனேன். மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்னா வேணும்?"

"அவளுக்கு நர்சுங்க," என்றேன்.

"அப்டியா, வாங்க வாங்க, பந்தி போட்டாச்சி," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.